நான் கூட்டி எழுதிய எட்டு மைல்

அண்ணே,

இன்று காலை கடை வேனைக் கழுவினேன். முன்சீட்டுக்குக் கீழே கிடந்த மிதியடியை எடுத்துக் குழாயில் பிடித்தால் தண்ணீர் செக்கச் செவேல் என்று ஓடுகிறது. பந்து வீசுகிற இடத்தில் கொட்டி வைத்திருப்பார்களே, அந்தச் செங்கல் பொடி மாதிரி மண். உங்கள் மகள் தாரணியின் ஷூவோடு வந்தது. மூன்று வாரமாக அதன்மேல் பாலும் ரொட்டியும் ஏற்றி இறக்கியிருக்கிறேன், போகவே இல்லை. நனைந்ததும் எழும்பிய வாசனையில் எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. அதனால் முழுவதையும் உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் சிநேகிதமே பேஸ்பாலுக்குத் தங்கை மாதிரியான இந்தச் சாப்ட்பாலால் வந்ததுதான். என் மகளும் உங்கள் மகளும் இங்கே ஆக்லாந்தில், மாசி பகுதியில் ஒரே டீமில் சேர்ந்தார்கள். என் மகள் ஒரு வருஷம் ஆடிவிட்டு, நகம் உடைகிறது என்று மட்டையைப் போட்டுவிட்டாள். நான் போடவில்லை. சனிக்கிழமை வந்தால் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவேன். "ஐசே, உம்மட பிள்ளையே நிண்டிட்டாள், நீர் ஏன் வாறீர்?" என்று கேட்டீர்கள். டீம் என்னை நம்பித்தான் இருக்கிறது என்றேன். அது உண்மையும்கூட. கபடியில் நான் மாவட்டத்தையே ஆட்டி வைத்தவன், தேசிய அணிக்குக் கூப்பிட்டபோது அம்மா அழுததால் போகவில்லை. விளையாட்டு எந்த ஊரில் நடந்தாலும் எனக்குப் பார்த்ததும் பிடிபட்டுவிடும். நீங்கள் பஸ் ஓட்டிய களைப்போடு கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். ஐந்து வருஷத்தில் ஒரு முறைகூடச் சத்தம் போட்டதில்லை. உங்களுக்கும் சேர்த்து நான்தான் போட்டேன்.

அமெரிக்கக் கல்லூரிகளின் கோச்சுகள் இங்கே வந்து பெண்களை ஆட வைத்துப் பார்ப்பார்களே, ஷோகேஸ், அதற்குத் தாரணியின் பெயரைக் கொடுத்தது நீங்கள். கோச் ஒருவருக்குப் பிடித்துவிட்டால் போதும், அங்கே விளையாடிக்கொண்டே படிக்கலாம். பள்ளியில் அவளுக்கு இது கடைசி வருஷம், இருப்பது இந்த ஒரு நாள்தான். பெயரைக் கொடுத்துவிட்டு நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். விளையாடுகிறவரைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லி ஒரு படிவம் வீட்டுக்கு வந்தது. தாரணியைப் பெற்ற அக்கா அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். முதியோர் இல்லத்து வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"தம்பி, இதை ஒருக்கா நிரப்பித் தாங்கோ. எனக்கு இப்ப ஒண்டும் ஓடுதில்லை."

என்னைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள்? பத்தாவதோடு படிப்பை நிறுத்தினேன் என்றாலும் ஆக்லாந்தில் நடந்த நம்மவர் கல்யாணங்களில் பாதி என் கையால் எழுதிய பயோடேட்டாவால் நடந்தவை. எப்சமில் ஒரு மாப்பிள்ளைக்கு நான் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று வீட்டார் ஒரே நாளில் வந்து நின்றார்கள். இதுவும் பெண் பார்க்கிற விஷயம்தானே. அந்த வழக்கப்படியே எழுதினேன். அவள் உயரம் ஐந்தடி ஐந்து, அதை ஐந்தடி ஏழு என்று போட்டேன். அப்பா போக்குவரத்து அதிகாரி என்று போட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பந்தின் வேகம் என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் கிளப்பில் ஐம்பத்தேழு மைல் என்று அளந்திருந்தார்கள். அறுபத்தைந்து என்று போட்டேன்.

பொய் என்று நினைத்துப் போடவில்லை அண்ணே. மாப்பிள்ளை ஆறடி என்று எழுதினால் பெண் வீட்டார் ஐந்தடி எட்டு என்று படித்துக்கொள்வார்கள். அவர்கள் கழிப்பார்கள் என்று தெரிந்துதான் நாம் கூட்டுகிறோம். உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் ஆபத்து, அதிலும் கழித்துவிடுவார்கள். ஐம்பத்தேழு என்று எழுதியிருந்தால் நாற்பத்தொன்பது என்றல்லவா நினைப்பான்? அமெரிக்காக்காரனுக்குக் கழிக்கத் தெரியாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஷோகேஸ் அன்றைக்கு அக்காவுக்கு வேலை. நான்தான் தாரணியை ஆல்பனிக்கு அழைத்துப் போனேன். அடித்த காற்றில் ஹார்பர் பாலம் தொட்டில் மாதிரி ஆடியது. பெண் பார்க்க வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று விடியற்காலையில் எழுந்து ஒரு டப்பா கேசரி கிளறியிருந்தேன், முந்திரி அள்ளிப் போட்டு. அங்கே போனால் பெற்றவர்களுக்கு என்று ஒரு கயிறு. அதைத் தாண்டக் கூடாது, கத்தக் கூடாது, பிள்ளைக்கு யோசனை சொல்லக் கூடாது. கோச்சுகளோடு பேசவே கூடாது, அவர்களும் நம்மோடு பேசக் கூடாது. பெண்ணைப் பெற்றவர்களோடு பேசாமல் என்ன பெண் பார்க்கிறார்கள்? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், எவர் முகத்திலும் ஒரு சிரிப்பு இல்லை. ஒரு பிள்ளை தாவி விழுந்து பந்தைப் பிடிக்கிறது, ஒரு கோச் போனைப் பார்க்கிறார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் எம்பி எம்பிப் பார்க்கிறோம். பக்கத்தில் நின்ற சமோவா அம்மா ஒருவருக்கு இது மூன்றாவது தடவையாம். போன வருஷம் அவர் புருஷன் ஒரு சத்தம் போட்டதற்கு, நாள் முழுக்கக் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்களாம். இந்த வருஷம் புருஷனே வேண்டாம் என்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பச்சைத் தொப்பி போட்ட ஒரு கோச்சம்மா, கையில் தாளோடு நேராகத் தாரணி நின்ற மைதானத்துக்கு வந்தார். அவளை முதல் குழுவில் போட்டிருந்தார்கள், அறுபத்தைந்தைப் பார்த்துத்தான். முடிந்தது காரியம் என்று சமோவா அம்மாவிடம் சொன்னேன். விமான நிலையத்துக்கு யார் வேன் ஓட்டுவது என்பதுவரை பேசிவிட்டேன்.

போலீஸ்காரர் கார்களைப் பார்த்து நீட்டுகிற கருவி மாதிரி ஒன்றை ஒருவர் நீட்டினார். தாரணி கையைச் சுழற்றி வீசினாள். அவர் எண்ணை உரக்கப் படிக்கிறார், இன்னொருவர் எழுதுகிறார். ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஐம்பத்தைந்து. கோச்சம்மா தாளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். கிட்டப் போய் ஏதோ கேட்டார். தாரணி இல்லை என்று தலையாட்டினாள். தோள் வலிக்கிறதா என்று கேட்டாராம், பிறகு தெரிந்தது. இன்னும் நாலு பந்து பார்த்தார். பேனாவை எடுத்துத் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்து மைதானத்துக்கு நடந்துவிட்டார்.

நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்து, டப்பாவோடு ஓடினேன். காப்பி வண்டி அருகே அவரைப் பிடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் இறக்கினேன். இந்தப் பெண்ணின் அப்பா இறந்துவிட்டார், நான் குடும்ப நண்பன், கொஞ்சம் கூட்டி எழுதியது என் பழக்கம், அவள்மேல் தப்பில்லை, முதலில் இதைச் சாப்பிடுங்கள். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார், நான் துப்பாக்கியை நீட்டியது போல. பெற்றவர்களோடு இன்று பேசக் கூடாது, மன்னியுங்கள் என்று மட்டும் சொன்னார். அதற்குள் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் வந்து என் முழங்கையைப் பிடித்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார். நான் சொன்னதில் எது அவர் காதில் ஏறியது என்று இன்றுவரை தெரியாது. கேசரியைச் சமோவா அம்மாதான் சாப்பிட்டார்.

மதிய இடைவேளையில் தாரணி கயிற்றண்டை வந்தாள். என்னோடு பாதி இங்கிலீஷில்தானே பேசுவாள். அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அங்கிள், சிக்ஸ்டி ஃபைவ் எண்டு ஆர் எழுதினது?"

"நான்தாம்மா. எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவாங்க."

"எல்லாரும் ஆர்?"

எப்சம் மாப்பிள்ளை கதையை எடுத்தேன். அவள் முடிக்க விடவில்லை, அண்ணே.

"நான் பொய் சொன்னதெண்டு அந்தக் கோச் நினைக்கிறா," என்றாள். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. நேராகப் பதிவு மேசைக்குப் போய்ப் பேனா கேட்டு வாங்கினாள். அறுபத்தைந்தை அடித்து ஐம்பத்தேழு என்று எழுதினாள். உயரத்தையும் அடித்தாள். போக்குவரத்து அதிகாரியை அடித்து பஸ் டிரைவர் என்று எழுதினாள். மேசையில் இருந்தவர் பாவம் என்பது போலப் பார்த்தார், ஆனால் தாள்களின் பிரதிகள் காலையிலேயே கோச்சுகள் கைக்குப் போய்விட்டன. திருத்தினதை யார் போய்க் காட்டுவது? கோச்சுகள் முக்கால்வாசிப் பேர் பக்கத்து மைதானத்தில், வேகமாக வீசுகிற ஒரு நெட்டைப் பெண்ணைப் பார்க்கப் போய்விட்டார்கள். பின்னாலேயே பெற்றவர்களும் போனார்கள். சமோவா அம்மாவின் மகளுக்கும் ஆட்டம் அங்கேதான்.

மிச்சப் பெண்களை வைத்து ஒரு ஆட்டம் நடத்தினார்கள். கயிற்றோரம் நான் மட்டும். அப்போதுதான் அவள் அந்த மெதுவான பந்தை எடுத்தாள். கை சுழல்வது வேகமான பந்துக்குச் சுழல்கிற மாதிரியேதான், உடம்பும் அப்படியேதான், பந்து மட்டும் வேண்டா விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி வரும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களுக்குத் தெரியாது, அவளாகப் பழகியது. ஆனால் அவள் அதைப் போடும்போதெல்லாம் நீங்கள் வேலிக்கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். "உந்தப் பந்தை அளக்க ஒரு மெஷினும் இல்லை ஐசே" என்று ஒரு தடவை சொன்னீர்கள்.

முதல் பெண் மட்டையைச் சுற்றி முடித்துவிட்டு நின்றாள், அதற்குப் பிறகுதான் பந்து வந்தது. இரண்டாவது பெண் சுற்றின வேகத்தில் முட்டி போட்டாள். மூன்றாவது பெண் தன்னைத்தானே பார்த்துச் சிரித்தாள். நான் எண்ணினேன். ஏழு பேர். ஒருத்திக்குப் பிறகு ஒருத்தியாக ஏழு பேர், ஒருத்தி மட்டையிலும் படவில்லை. கோச்சுகளின் நாற்காலி வரிசை காலியாக இருந்தது. யாராவது வாருங்களேன் என்று கத்தினால் என்னைக் காருக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் என் வாயை நானே பொத்திக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை.

டீமில் வேறு இரண்டு பிள்ளைகளுக்குக் கடிதம் வந்துவிட்டது. தாரணிக்கு ஒன்றும் வரவில்லை. அவளே வீடியோ எடுத்து, அவளே தாள் நிரப்பிச் சில கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று என்னிடம் காட்டவில்லை. பயிற்சிக்கு மட்டும் இன்னமும் என் வேனில்தான் வருகிறாள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு. படிவத்தில் நான் செய்ததை அக்காவிடம் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அக்கா வாசலிலேயே நின்றார். தாரணி "ஓகேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பிள்ளை எப்படி எறிந்தாள் என்று அக்கா என்னைக் கேட்டார். ஏழு பேரைத் திணறடித்தாள் என்றேன். ஒவ்வொருத்தியும் எப்படிச் சுற்றினாள் என்று வாசலில் நின்றே நடித்துக் காட்டினேன். அக்கா என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

"உண்மையே தம்பி? இல்லாட்டி என்ர மனம் ஆறட்டும் எண்டு சொல்லுறீங்களோ?"

அந்த ஏழு பேரையும் எண்ணிப் பார்த்தது உலகத்திலேயே நான் ஒருவன்தான். என் வாயிலிருந்து வருவதாலேயே அது உண்மையாக நிற்க மாட்டேன் என்கிறது. சத்தியம் செய்யலாம் என்றால், நான் எத்தனை சத்தியம் செய்திருக்கிறேன் என்று அக்காவுக்குத் தெரியும்.

"நாலு பேர், அக்கா," என்றேன்.

"நாலோ," என்றார். படியிலேயே உட்கார்ந்து இன்னொரு தடவை நாலு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் குறைத்துச் சொன்னது அதுதான். அக்காவுக்கு அது நாலாகவே இருக்கட்டும். மீதி மூன்றையும் நான் வைத்துக்கொண்டு திரிகிறேன், எங்கேயும் இறக்க முடியவில்லை. உங்களுக்காவது சரியாக எழுதிவிடுகிறேன். ஏழு பேர், அண்ணே. எண்ணிப் பார்த்தேன்.