பருப்பில் கிடந்த வெள்ளித் துணுக்கு

ஜூலை 24

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சிநேகிதன் சினுபாய் குடையில்லாமல் கோயிலுக்கு வந்து, திரும்பும்போது என் குடையில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டான். என் இடது தோள் இன்னும் ஈரம்.

பேரன் மௌலிக் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகும்போது இந்தப் போனில் ஒரு வழி செய்து கொடுத்துவிட்டுப் போனான். நான் பேசினால் அது எழுதிக்கொள்ளும். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவனுக்கு நாட்குறிப்பு! எழுதியதை என்னால் படிக்க முடியாது. அதனால் என்ன, சொன்னது எனக்கு மறக்காது. துணி மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்ற காலத்தில், எந்த வீட்டில் எந்தக் கரை போட்ட சேலை எடுத்தார்கள் என்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

சாயங்காலம் மருமகள் ஜிகீஷா ஆபீசிலிருந்து வந்ததும் ரொட்டியும் பருப்பும் வைத்தாள். சூரியன் இறங்குவதற்குள் சாப்பிட்டு வாய் கழுவிவிட்டேன். லேசான வெல்லம், அதன் பின்னால் ஒரு புளிப்பு, வேர்க்கடலை மெத்தென்று. என் மனைவி ஹீரா வைத்த பருப்பேதான். அவள் போன பிறகு இப்படி ஒரு பருப்பு இந்த வீட்டில் வந்ததில்லை. “நல்லா இருக்கு பேட்டா” என்றேன். அவள் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 27

கோயில் படியில் உட்கார்ந்து சினுபாயிடம் பெருமை அடித்துக்கொண்டேன். மருமகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அடுப்பில் பருப்பு கொதிக்கிறது என்றேன்.

“உனக்கு யோகம்டா ரமணிக். என் வீட்ல மருமக வந்தப்புறம் நான்தான் கொதிக்கணும்.”

ஆகஸ்ட் 2

இன்று பருப்பில் பல்லில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தேன். நகக்கண் அளவு, முக்கோணமாக, பளபளவென்று. வெள்ளித் தகடு என்று நினைத்தேன். பகவானுக்கு அலங்காரம் செய்வோமே, இனிப்பின் மேல் ஒட்டுவார்களே, அது. கோயிலிலிருந்து என் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று கண்ணில் ஒற்றி நாக்கில் வைத்தேன்.

வெள்ளித் தகடு நாக்கில் பட்டதும் காணாமல் போகும். இது போகவில்லை. வெகுநேரம் வைத்திருந்தேன். போகவில்லை.

ஆகஸ்ட் 3

ஜிகீஷாவிடம் காட்டினேன்.

“ஏதாவது ஸ்வீட்லேர்ந்து ஒட்டியிருக்கும் பாபுஜி.”

வீட்டில் இனிப்பு வாங்கி எத்தனை நாளாயிற்று? அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. துணுக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9

மௌலிக் போனில் முகம் காட்டிப் பேசினான். என் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி நிறையப் பாக்கெட்டுகள் இருக்கின்றன. மேலே பருப்பு, கிச்சடி என்று படம் போட்டிருக்கும். எல்லாம் அவனுக்கு அனுப்ப என்றுதான் ஜிகீஷா சொன்னாள். நம் ஊரில் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டில் அந்தப் பெட்டி இல்லை? வெந்நீரில் போட்டு எடுத்தால் பனியிலும் சூடாக நம் சாப்பாடு. நல்ல ஏற்பாடுதான் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

“பார்சல் வந்துச்சாப்பா?” என்று கேட்டேன்.

“எனக்கா? தீபாவளிக்கு அப்புறம் ஒண்ணும் வரலையே தாதா. நான்தான் இப்ப நல்லா சமைக்கிறேனே.”

ஆனால் பெட்டி இளைத்துக்கொண்டே போகிறதே.

ஆகஸ்ட் 10

ஒரு பாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு சினுபாய் வீட்டுக்குப் போனேன். அவன் மூலையைக் கத்தரித்தான். விழுந்த துண்டின் உட்பக்கம் வெள்ளி. என் பையில் இருந்ததை எடுத்து அதன் மேல் வைத்தேன். பொருந்தியது.

“என்னிக்குப் பண்ணினது, படி.”

கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தான். “ஜனவரிடா.”

கிண்ணத்தில் ஊற்றிச் சூடு பண்ணி அவன் ஒரு வாய் சாப்பிட்டான். என் விரதம் அவனுக்குத் தெரியும், என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. வாசனை போதும். அதே பருப்பு.

சினுபாய் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். பிறகு, “நீ மருமக பருப்பு, மருமக பருப்புனு சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிஞ்சுதுடா. என் வீட்லயும் இதுதான் வாங்கறாங்க. நீயும் நானும் ஒரே அண்டாவிலேர்ந்துதான் தின்னிருக்கோம்” என்றான்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னான்.

ஆகஸ்ட் 11

ஞாயிறு. இருவரும் வீட்டில் இருந்தார்கள். இரண்டு துணுக்கையும் மேஜையில் வைத்தேன்.

ஹீராவின் உயிர் பிரிந்த அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் சமண முனிவர் மகாராஜ் சாகேபின் முன் எடுத்த விரதம். இருட்டிய பிறகு உணவில்லை. இரவு தங்கிய உணவு ஆயுளுக்கும் இல்லை. அன்றைக்குச் சமைத்ததை அன்றைக்கே உண்ண வேண்டும். வெயிலில் மூட்டை சுமந்த நாளிலும் பட்டினி கிடந்திருக்கிறேனே தவிர மீறியதில்லை. இப்போது என் வீட்டில், என் தட்டில், ஜனவரியில் வெந்த பருப்பு. எத்தனை இரவு தங்கியது அது? அதுவும் மழைக்கால விரத மாதத்தில்.

“ஆமா பாபுஜி” என்றாள் ஜிகீஷா. வேறு ஒன்றும் மறைக்கவில்லை. “ஜூன்ல ஒரு நாள் பஸ் கிடைக்காம லேட்டா வந்தேன். சூரியன் இறங்கிடுச்சுன்னு நீங்க சாப்பிடலை. காலையில வாஷ்பேசின்கிட்ட விழுந்து கிடந்தீங்க. நான்தான் தூக்கினேன். அதுக்கப்புறம்தான் வாங்கினேன். இருட்டறதுக்குள்ள உங்க வயித்துல ஏதாவது போகணும்னு.”

“என்னைக் கேட்டியா?”

“கேட்டா வேண்டாம்னுவீங்க.”

“வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் இல்லையா? அந்த வாயைத்தானே கட்டிட்டே?”

மகன் ஹிதேன் இடையில் வந்தான். “பப்பா, வெங்காயம், பூண்டு, கிழங்கு ஒண்ணும் இல்லாததா பார்த்துத்தான் வாங்கினோம். சூடு பண்ணி அடைச்சது, அதுல ஒரு கிருமி கிடையாது. உலகமே சாப்பிடுது.”

வாங்கினோம். அப்படியானால் இவனுக்கும் தெரியும். பாக்கெட்டில் எழுதியிருப்பதை இந்தக் கிழவன் படிக்கமாட்டான் என்பது இருவருக்குமே தெரியும். அதனால்தானே என் கட்டிலுக்கு அடியிலேயே வைத்தார்கள்?

ஜிகீஷா ஒன்று சொன்னாள். அது காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. “தினம் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் சமைச்சப்போ ஒரு நாளும் சொன்னதில்லையே பாபுஜி.”

ஆகஸ்ட் 12

சாயங்காலம் என் தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 14

மகாராஜ் சாகேபிடம் போய்ச் சொன்னேன். தெரியாமல் உண்டதற்குப் பிராயச்சித்தம் சின்னதுதான் என்றார். தெரிந்த பிறகு மனதில் வைத்துக் குமைவதற்கு? அதை நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16

கோயில் பக்கத்து ஆயம்பில் விரதக் கூடத்தில் நண்பகலில் ஒருவேளை சாப்பிடுகிறேன். எண்ணெய் இல்லை, நெய் இல்லை, வெல்லம் இல்லை, காய் இல்லை. வேகவைத்த தானியம், வெந்நீர். ருசியே இல்லாத சாப்பாட்டில் யார் என்ன ஏமாற்ற முடியும்?

வீட்டில் சாயங்காலம் என் தட்டு கவிழ்த்தபடியே இருக்கிறது.

ஆகஸ்ட் 21

இதை யாரிடம் சொல்வது. நாக்கு அந்தப் பருப்பைத் தேடுகிறது.

ஹீராவின் பருப்பைத்தான் தேடுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு அதை நினைத்துப் பார்த்தேன். அவள் கையில் இருந்த கரண்டி தெரிகிறது, பச்சைக் கரைச் சேலை தெரிகிறது, புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிகிறது. ருசி வரவில்லை. பாக்கெட் ருசிதான் வருகிறது. எல்லாம் நினைவிருக்கிறவன் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அவளுடையது எனக்கு எப்போதோ மறந்துபோயிருக்கிறது. எவனோ ஆலையில் கிண்டியதை வாயில் வைத்துக்கொண்டு, அவள் வந்துவிட்டாள் என்று இருந்திருக்கிறேன்.

அதற்கும் ஜிகீஷாதான் காரணமா? ஆம் என்றுதான் தோன்றுகிறது. இல்லை என்றும்.

செப்டம்பர் 7

சம்வத்சரி. வருஷம் முழுக்கச் செய்த பிழைக்கெல்லாம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். சினுபாய் வந்து, “உன்னை நனையவிட்டு உன் குடையை எடுத்துக்கிட்டதுக்கு மிச்சாமி துக்கடம்” என்றான். அவனுக்குச் சிரித்தபடியே திருப்பிச் சொன்னேன்.

ஜிகீஷா வந்து கைகூப்பினாள். “மனசாலயும் பேச்சாலயும் செய்கையாலயும் பண்ணின தப்புக்கு, மிச்சாமி துக்கடம் பாபுஜி.” நானும் கைகூப்பி அதையே சொன்னேன். வாய் சொன்னது.

செப்டம்பர் 8

ஹிதேன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான். “அவ அரைநாள் வேலைக்கு மாறிட்டா. சாயங்காலம் உங்களுக்குச் சமைக்கறதுக்காக.”

நான் கேட்டேனா? கேட்டேன் போலிருக்கிறது. வாயால் கேட்கவில்லை.

செப்டம்பர் 19

ஆயம்பில் கூடத்துக்கு இன்று போகவில்லை. சாயங்காலம் வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே ஜிகீஷா கூப்பிட்டாள். “பாபுஜி, கொஞ்சம் கிச்சனுக்கு வாங்க.”

போய் நின்றேன். ஒரு பிடி துவரம்பருப்பை உள்ளங்கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள். நான் பார்த்தேன். கழுவினாள், நீட்டினாள். பார்த்தேன். வெல்லத்தைக் காட்டினாள். கடலையைக் காட்டினாள். நான் தலையாட்டிய பிறகுதான் ஒவ்வொன்றையும் போட்டாள். குக்கர் வாயைத் திறந்து உள்ளே வேறு எதுவும் இல்லை என்று சாய்த்தும் காட்டினாள். வேண்டாம் பேட்டா, போதும் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. கண் அதுபாட்டுக்குப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது.

பருப்பு கொஞ்சம் நீர்த்திருந்தது. உப்பு ஒரு கல் தூக்கல். அவளுடைய பழைய பருப்பு.

“நல்லா இருக்கு பேட்டா” என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை.

“சூரியன் இறங்க இன்னும் நேரம் இருக்கு பாபுஜி. வேற ஏதாவது பார்க்கணுமா?”