மகாராணிக்கு எக்கோ எடுத்தார்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், குதிரைக்குத்தான் உடம்பு சரியில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குப் பழகிவிட்டீர்களா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அதே நினைப்பாக இருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்றால், போன் வந்தால் போதும், அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் பற்றிய குறையை அவர் காதுபடவே எப்படிச் சொல்வது? இப்போது லாயத்தில் இருக்கிறார், அங்கே போய்விட்டால் வீடு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோகும், அதனால் நிதானமாகவே எழுதலாம்.

சவாரிப் பள்ளியில் ஓய்வு கொடுத்தபோது மற்றவர்கள் மாலையும் கடிகாரமும் வாங்கி வந்தார்கள், உன் அப்பா ஒரு பெண்குதிரையைக் கூட்டிவந்தார், அது நீ பார்த்ததுதான். நீ போன பிறகு அது ஆடுகிற ஆட்டம்தான் உனக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘இந்தா’, ‘இங்க பாரு’ என்று கூப்பிடுகிறவர் அதைத் ‘தங்கம்’ என்கிறார். என் தலை நரைத்தது இன்றுவரை அவர் கண்ணில் படவில்லை, அதன் பிடரியில் ஒரு வெள்ளை முடி தெரிந்ததற்கு அன்று முழுக்க முகம் தொங்கிப்போய்த் திரிந்தார். வயிற்றெரிச்சலில்தான் நான் அதற்கு மகாராணி என்று பேர் வைத்தேன். “பொருத்தமான பேரு” என்று சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். சக்களத்தி என்று வைத்திருக்க வேண்டும்.

போன மாதம் மேட்டுப் பாதையில் ஏறும்போது அது பாதியிலேயே நின்று மூச்சு வாங்கியதாம். அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை அவருக்கு. கால்நடை டாக்டரம்மா வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஏதோ இரைச்சல் கேட்கிறது, எக்கோ எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். எனக்குப் போன வருஷம் ஆஸ்பத்திரியில் எடுத்தார்களே, அதே எக்கோதான். அன்று இந்த மனுஷன் வெளியே பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் வந்ததும் “முடிஞ்சுதா, கிளம்பலாமா?” என்று ஒரே கேள்வி. மகாராணிக்கு எடுத்த அன்றைய கூத்தைக் கேள். விடியற்காலையிலேயே லாயத்தைக் கூட்டி, எக்கோ மெஷினின் திரை நன்றாகத் தெரிய இருட்டு வேண்டுமென்று டாக்டர் சொன்னதற்காக என் புதுப் போர்வையை எடுத்து ஜன்னலில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். முன்னங்காலின் அக்குளுக்குப் பின்னால் முடியை மழிக்க வேண்டியிருந்தது, யாரையும் தொடவிடவில்லை, தானே குனிந்து பூப்போல மழித்தார். ஜெல் சில்லென்று இருக்குமோ என்று அதைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார். எனக்குத் தடவியபோது பனிக்கட்டி மாதிரி இருந்தது, யார் கேட்டார்கள்?

டாக்டர் அதன் வலது காலைக் கொஞ்சம் முன்னால் எடுத்து வைக்கச் சொல்லி, கைக்கருவியை இரண்டு விலா எலும்புக்கு நடுவில் அழுத்தினார். திரையில் அந்த இதயம் தெரிந்ததம்மா. பொறாமையை மறந்து நானும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அத்தனை பெரிய அறை அவசரமே இல்லாமல் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. டாக்டர் படத்தை நிறுத்தி நிறுத்தி, அறையின் அகலம் என்ன, சுவரின் கனம் என்ன, ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு சுருங்குகிறது என்று திரையிலேயே கோடு போட்டு அளந்தார். பிறகு இடது பக்கம் வந்து ஏதோ பொத்தானை அமுக்கினதும் ரத்தம் ஓடுவது நீலமும் சிவப்புமாகத் தெரிந்தது. அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டார். “இதயம் பெருசா இருந்தா நல்லதுதானே டாக்டர், நல்லா ஓடுற குதிரைக்குப் பெருசாத்தானே இருக்கும்?” என்று குரலில் ஒரு பெருமை வேறு. டாக்டர் மெதுவாகச் சொன்னார், பயிற்சியால் பெரிதாவது வேறு, இது வேறு, இடது பக்கத்து வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னுக்குக் கசிகிறது, அந்தச் சுமையைத் தாங்கித் தாங்கித்தான் அறைகள் விரிந்திருக்கின்றன, இனிமேல் சவாரி கூடவே கூடாது, சும்மா மேய்ந்துகொண்டு இருக்கலாம். மெதுநடையாகவாவது ஏறக் கூடாதா என்று அப்பா கெஞ்சினார். “நீங்க மேல இருக்கும்போது அது மயங்கினா உங்க மேலதான் சாயும் சார்” என்றுவிட்டார் டாக்டர்.

உன்னிடம் மறைக்கமாட்டேன், என் மனதில் முதலில் வந்தது ‘ஒழிந்தது சவாரி’ என்ற சந்தோஷம்தான். ஆனால் டாக்டரின் வண்டி வாசல் தாண்டியதும் உன் அப்பா பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். உன்னை விமானம் ஏற்றிவிட்ட அன்றுகூட தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறேன் என்று நழுவின மனுஷன் அது. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, “நான் செத்தா இப்படி அழுவீங்களா?” என்று கேட்டே விட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீ எதுக்கு சாகப்போற? உனக்குத்தான் போன வருஷ ரிப்போர்ட்ல அறுபத்திரண்டு சதவீதம் பம்ப் பண்ணுதுன்னு எழுதியிருந்தானே, வால்வெல்லாம் சுத்தமா இருக்குன்னானே” என்றார். எனக்கே அந்தக் கணக்கு ஞாபகமில்லை. உள்ளே போய் அரிசியை இரண்டு தடவை கழுவினேன், கோபமா வேறேதுமா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அதை ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இப்போதுதான் வேடிக்கை. தினமும் காலையில் அது ஓய்வாக நிற்கும்போது இதயத் துடிப்பை எண்ணிப் பார்க்க வேண்டும், நாற்பதுக்குள் இருந்தால் நல்லது, ஐம்பதைத் தொட்டாலோ தாளம் தப்பினாலோ உடனே கூப்பிட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அப்பாவுக்குத்தான் காது மந்தமாயிற்றே, காதுமெஷினோடு ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினால் விசில் அடிக்கிறது. ஆக, யார் தலையில் விழுந்தது? என் சக்களத்தியின் அக்குளில் நானே தினமும் காது கொடுத்து நிற்கிறேன். முதலில் காதைப் பின்னுக்கு மடக்கி முறைத்தது, நானும் முறைத்தேன். பிறகு தாடையை என் தோளில் வைக்கப் பழகிவிட்டது, என்ன கனம் தெரியுமா? ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி பேச உட்கார்ந்துவிட்டதால் நான் லாயத்துக்குப் போகத் தாமதமாயிற்று. வாளியை உதைத்துக் கனைத்துத் தெருவையே கூட்டிவிட்டது. அப்பா ஓடினார், அவர் தலைக்கு மேலாக வாசலையே பார்த்ததாம். திரும்பி வந்து, “உன்னைத்தான் தேடுது” என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் “அதுக்கு நீ திருட்டுத்தனமா என்ன குடுக்குற?” என்று விசாரணை. கேரட் கொடுக்கிறேன், கொடுத்தால் என்ன? இந்த வாரம் டாக்டர் மறுபடி எக்கோ எடுக்க வந்தபோது நான் தலைக்கயிற்றைப் பிடித்த பிறகுதான் அசையாமல் நின்றது. அப்பா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறையின் அகலம் அப்படியேதான் இருக்கிறது, மேற்கொண்டு விரியவில்லை என்றார் டாக்டர். “அம்மா நல்லாப் பாத்துக்கறாங்க” என்று அவர் சொன்னதும் உன் அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், இத்தனை வருஷம் என் முகம் எப்படி இருந்ததென்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்திருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் மனம் ஒத்து நீண்ட நாள் வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. இரவில் கண்விழித்து வேலை பார்க்காதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். கடைசியாக ஒன்று, நீயும் போன் எடுத்ததும் முதல் கேள்வியாக “குதிரை எப்படிம்மா இருக்கு?” என்றுதான் கேட்கிறாய். அது நன்றாக இருக்கிறது. இனிமேல் முதலில் என்னைக் கேள்.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்