சராசரிக்குக் கீழே

12.5.1996, ஞாயிறு, பேர்ண், சுவிஸ்

அண்ணா பேஸ்போல் குழுவில் பந்து எறிபவன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் கொடுக்கிறான் என்று அவனுடைய எல்லா ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தேன். பக்கத்தில் லீக் சராசரியையும் எழுதி, அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"சராசரிக்கும் கீழயோ? இதுக்கோடா படிப்பை விட்டிட்டு ஓடுறாய்?"

அப்பா பெல்ட்டை உருவினார். அண்ணா முகத்தை மறைத்தான். அடி முழுவதும் கையில் விழுந்தது. பக்கிள் பட்டு விரல் கிழிந்தது. நான் நடுவில் விழுந்து கத்தினேன்.

"அப்பா, இதில குறைஞ்சாத்தான் கெட்டிக்காரன்!"

பெல்ட் நின்றது.

"அதை முதலே சொல்லுறதுக்கு உனக்கென்ன?"

அது அண்ணா பந்து எறியும் கை. சனிக்கிழமை இறுதியாட்டம். விரல்களை மடக்கச் சொன்னேன். இரண்டு மடங்கவில்லை.

கிழித்துப் போடலாமென்று அந்தத் தாளை எடுத்தேன். மறுபடி கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.