ஜனவரியில் வளர்ந்த எஃகு

அன்புள்ள சிநேகிதா,

நேற்று டெல்லி மயூர் விஹாரில் ஒரு கல்யாணம். ஜனவரிக் குளிரில் பல் தந்தியடிக்கிறது, பந்தியில் குல்ஃபி! குல்ஃபிக்காரர் பானைக்குள் ஐஸையும் கல்லுப்பையும் கொட்டிய சத்தம் கேட்டதும் சாப்பிட எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. நீ கண்ணை மூடி மூன்று மாதம். அன்று அழாதவன், நேற்று பந்தியில் உட்கார்ந்து அழுதேன்.

எழுபதுகளின் கடைசி. ஒரே தொழிற்சாலையில் நீ கிரைண்டிங், நான் அளவு பரிசோதனை. துளைகளைச் சரிபார்க்கும் எஃகு உருளைகளை, நம் பேச்சில் ‘கேஜ்’, தேய்த்து முடித்து என் மேஜையில் வைத்துவிட்டு நீ டீ குடிக்கப் போய்விடுவாய். நான் அளந்து கையெழுத்துப் போடுவேன். மே மாதம் அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு கேஜ், ஜனவரியில் துளைக்குள் போகவில்லை. அளந்தால் மூன்று மைக்ரான் பெரிது.

இரும்பு தேயும், வளருமா? அதிகாரி என்னைத்தான் கேட்டார். என் அளவில் தப்பே வராது என்கிற திமிர் எனக்கு. நான் பார்த்த பிறகு வேறொரு கேஜில் அதே வரிசை எண்ணைப் பொறித்து நீ மாற்றி வைத்திருக்கலாம் என்றேன். உன்னை வைத்துக்கொண்டே சொன்னேன். உன் வேலைக்கே உலை வைக்கும் மெமோ தயாரானது.

நீ சண்டை போடவில்லை. உலைப் பிரிவு கெமிஸ்டிடம் போய் விசாரித்தாய். சிவக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கினால், சூடு இறங்க இறங்க அது மார்டென்சைட் என்னும் கடினமான எஃகாக மாறும். சூடு இறங்குவது நின்றால் மாறுவதும் நின்றுவிடும். டெல்லி மே மாதத்தில் எண்ணெயே வெந்நீர் மாதிரிதான் இருக்கும். அதனால் கொஞ்சம் மாறாமல் மிச்சம் நின்றிருக்கிறது. அந்த மிச்சத்தை ஜனவரிக் குளிர் மாற்றியிருக்கிறது. மாறிய எஃகுக்கு இடம் கூடுதலாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அதே மே மாதத்தில் செய்த இன்னொரு கேஜ், ஹீட்டர் போட்ட என் அறை அலமாரியில் குளிரே படாமல் இருந்தது. கேன்டீனில் ஐஸ் கேட்டு வாங்கி, கல்லுப்பைக் கலந்து, அதைப் புதைத்து வைத்தாய். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு எடுத்து, பழைய சூட்டுக்கு வரவிட்டு, எல்லார் முன்னாலும் என்னையே அளக்கச் சொன்னாய். வளர்ந்திருந்தது. அதிகாரி மெமோவைக் கிழித்துப் போட்டார். நான் அசடு வழிய, இரும்புக்குள் இப்படியெல்லாம் நடக்குமென்று எனக்கெப்படித் தெரியும் என்று இழுத்தேன்.

“இரும்பைத் தெரியாததுல தப்பில்லலே. என்னையத் தெரியலையே ஒனக்கு?” என்றாய்.

மறுநாளும் என்னோடுதான் சாப்பிட்டாய். உன் வீட்டுப் புளிக்குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றினாய். நீ முகம் திருப்பியிருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ சாதாரணமாக இருந்தாய். அதுதான் சாக்கென்று நானும் இருந்துவிட்டேன். ஆனால் அதன் பிறகு நீ கேஜை வைத்துவிட்டு டீக்குப் போனதில்லை. நான் அளந்து முடித்துக் கையெழுத்துப் போடும்வரை மேஜையருகே கைகட்டி நிற்பாய். ஓய்வுபெற்ற நாளிலும் நின்றாய்.

மன்னித்துவிடுடா. இதை உன் காதில் விழச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் யாரையாவது பற்றிக் குற்றம் சொல்ல வாயெடுத்தால், பக்கத்தில் நீ வந்து நிற்கிறாய், நான் அளந்து முடிக்கட்டும் என்று.