ஆளுக்கு ஒரு லிட்டர்

செங்கல்பட்டு
9.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கல்யாணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்களுக்கும் அண்ணனுக்கும் சுகம்தானே? கூரியரைப் பார்த்ததும் பதறிவிடாதீர்கள். உங்கள் மகள் ஸ்வாதி நன்றாக இருக்கிறாள். காலில் லேசாக வீக்கம், அது இந்த மாதத்தில் வருவதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் பேசலாம் என்றால், இந்த பிளாட்டில் ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும். வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றால் என் போனைத் திறந்து படித்துக் காட்டுவதே ஸ்வாதிதான். அதனால் இந்தக் காகிதம்.

சனிக்கிழமை மதுராந்தகம் சூப்பர்மார்க்கெட்டில் உங்களைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் தவறாக எதுவும் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். அந்த இரண்டாவது பாமாயில் பாக்கெட் எனக்காக இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் மேரி கேட்டிருந்தாள். சலுகை விலையில் ஆளுக்கு ஒரு லிட்டர்தான் என்று எழுதி வைத்திருந்ததை நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஒன்று வாங்கி வெளியே வந்த பிறகுதான் மேரியின் ஞாபகம் வந்து மறுபடி வரிசையில் நின்றேன். அந்த சூப்பர்வைசர் பெண் அவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டியதில்லை. என்னமோ திருட்டுப் பொருளைப் பிடித்த மாதிரி.

இதை ஸ்வாதியிடம் சொல்ல வேண்டாம். மாசமாக இருக்கும் பெண், வீணாக மனதைப் போட்டு வருத்திக்கொள்வாள்.

வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டீர்களா? பதில் போடவும்.

அன்புடன்,
கல்யாணி


கருங்குழி
13.6.2025

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

துர்காதேவி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் எழுதியது எனக்குப் புரியவே இல்லை. சனிக்கிழமை நான் மதுராந்தகம் பக்கமே போகவில்லை. அவர் லோடு வண்டியை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். கருவாட்டுக் குழம்பு வை என்றார், அன்றைக்கெல்லாம் அடுப்படியில்தான் இருந்தேன். நீங்கள் பார்த்தது என்னை மாதிரி வேறு யாராவது இருக்கும். நான் வராத இடத்தில் நடந்ததை நான் எப்படித் தப்பாக நினைக்க முடியும்? அதனால் மறந்துவிடுங்கள்.

விலைவாசியைப் பற்றிப் பேசினால் பொழுது போதாது. முன்பெல்லாம் கடையில் மேல் தட்டில் இருப்பது வசதியானவர்களுக்கு, கீழ்த்தட்டில் இருப்பது நமக்கு என்று இருந்தது. இப்போது மேலே இருப்பது அப்படியே இருக்கிறது, கீழே இருப்பதுதான் வாராவாரம் ஏறுகிறது. பருப்பு பாக்கெட்டில் விலை மாறவில்லையே என்று சந்தோஷமாக எடுத்து வந்தால் உள்ளே அளவு குறைந்திருக்கிறது.

அவர் நாளைக்குச் செங்கல்பட்டு வழியாக லோடு ஏற்றிப் போகிறார். நம் நிலத்து அரிசி ஒரு மூட்டையும், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் ஒரு டின்னும் கொடுத்து அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஜூலை ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாள் நன்றாக இருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் லீவு நாளாகவும் போயிற்று.

இப்படிக்கு,
துர்காதேவி


செங்கல்பட்டு
17.6.2025

துர்காதேவி அம்மாள் அவர்களுக்கு,

அரிசி வந்து சேர்ந்தது. எண்ணெயும் வந்தது. கடைக்கே வராதவர்களுக்கு எங்கள் வீட்டில் எண்ணெய் இல்லை என்று எப்படித் தெரியும்?

நீங்கள் கிளிப்பச்சையில் புடவை கட்டியிருந்தீர்கள். ஸ்வாதி கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்குக் கட்டிய அதே புடவை. பக்கத்தில் ஒரு அம்மாள் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு பேர்தான். நான் எப்படி மறப்பேன்?

நானும் பொய்தான் எழுதினேன். மேரியை பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டோம். நிதினுக்கு அப்போதே வேலை போய்விட்டது. சிறுசேரியில் அவன் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு இப்போது எல்லா நாளும் லீவு நாள்தான். இவருடைய பென்ஷன் வருகிறது, வந்த அன்றே பிளாட் கடனுக்குப் போய்விடுகிறது. உங்களுக்குத் தெரியக் கூடாது என்று சொன்னது ஸ்வாதி. “அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கூட்டினு போயிடுவாங்க அத்தை” என்று அழுதாள். அதனால் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து உங்களிடம் நடித்தோம்.

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்த நாளில், நமக்கெதற்கு ரேஷன் என்று பொருள் எதுவும் கிடைக்காத கார்டாகக் கேட்டு வாங்கினோம். அது அப்போது பெருமையாக இருந்தது. இன்றைக்கு அதை வைத்துக்கொண்டு ஒரு லிட்டர் பாமாயில்கூட வாங்க முடியாது. இங்கே செங்கல்பட்டுக் கடையில் என்றால் எங்கள் பிளாட்டுக்காரர்கள் வருவார்கள். கீழ்த்தட்டுச் சாமான் எடுக்கத் தரையில் குந்த வேண்டும், என் முழங்காலுக்கு எழுந்திருக்க நேரமாகும். அதற்குள் யாராவது “என்ன ஆன்ட்டி, தேடுறீங்களா?” என்று வந்துவிடுவார்கள். அதனால்தான் மகளிர் இலவச பஸ்ஸில் ஏறி மதுராந்தகம் வந்தேன். நீங்கள் கருங்குழி மளிகைக் கடையில்தான் வாங்குவீர்கள் என்று நினைத்தேன். ஸ்வாதிக்கு மட்டும் தனியாக நல்ல எண்ணெயில் சமைக்கிறேன், அவள் வயிற்றுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

இரண்டாவது தடவை வரிசையில் நின்றது தப்புதான். கடையில் தொங்கிய அறிவிப்பு அட்டையைப் படித்துவிட்டுத்தான் நின்றேன். அந்தப் பெண், “நீங்க ஒண்ணு வாங்கிகினு போனது கேமராவுல கீதும்மா, பையத் தொறங்க” என்றாள். திறந்தேன். பிறகு அவளே மனமிரங்கி, “கூட யாருனா வந்துகீறாங்களா? இருந்தா அவங்க பேர்ல போட்டுத் தரேன்” என்றாள். அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் பாமாயில் எடுத்திருக்கவில்லை. ‘எங்கூட வந்தவங்க’ என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் தலையைக் குனிந்து போனைப் பார்த்தீர்கள். அவள் பாக்கெட்டை எடுத்துக் கவுன்டருக்கு அடியில் வைத்துக்கொண்டு, என்னை ஓரமாகப் போகச் சொன்னாள்.

அறுபத்தொரு வயதில் ஒருத்தி ஓரமாக நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

வளைகாப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். மண்டபம் வேண்டாம். வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

கல்யாணி


கருங்குழி
21.6.2025

அண்ணி,

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன்.

நான் வந்திருந்தேன். பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையும் எனக்குத் தெரியும். வரவில்லை என்று எழுதினால் உங்கள் மானம் காப்பாற்றப்படும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு எழுதினேன்.

என் பக்கத்தில் நின்றது எதிர்வீட்டு அமிர்தவல்லி. ஸ்வாதி கல்யாணத்தின்போது ஊரில் இல்லாததால் உங்களை அவள் நேரில் பார்த்ததில்லை. ஸ்வாதிக்குச் சம்பந்தம் முடிந்த நாளிலிருந்து அவளிடம் உங்களைப் பற்றி நான் பேசாத பேச்சு இல்லை. கல்பாக்கத்தில் பெரிய உத்தியோகம், வீட்டில் வேலைக்கு ஆள், சொந்த பிளாட், மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று. அவள் பெண்ணை உள்ளூரில் கொடுத்தாள். அவள் எதிரில் நான் கொஞ்சம் உயரமாக நின்றுகொள்வதற்கு உங்களை ஏணியாக வைத்திருந்தேன். அந்த ஏணி கடையில் பையைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்களுக்காக இல்லை, எனக்காக.

நான் தலையைக் குனிந்ததை மட்டும்தான் நீங்கள் பார்த்தீர்கள். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அமிர்தவல்லி கேட்டாள்: “யாருக்கா அது? உன்னியே பாத்துகினு கீது. தெரிஞ்சவங்களா?”

“தெரியாதும்மா. யாரோ” என்றேன்.

என் பெண்ணுக்குச் சோறு போடுகிற கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அன்று ராத்திரி ஸ்வாதி போன் செய்து, அத்தை பாகற்காய் வதக்கிக் கொடுத்தாங்க, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்றாள். தலைவலி என்று வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு வேலை போனதை எங்களிடம் சொல்லாததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அமிர்தவல்லிக்குத் தெரியாமல் மறைக்க வழி தேடியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒரு வரி பதில் போடுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

துர்கா


கருங்குழி
8.7.2025

அண்ணி,

நீங்கள் பதில் போடவில்லை. வளைகாப்பு வரைக்கும் தினமும் கூரியர்காரரை எதிர்பார்த்து ஏமாந்தேன். அதனால் நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அது இப்படிப் போய் முடிந்துவிட்டது.

வேனிலிருந்து இறங்கி எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் சீர்த்தட்டோடு உங்கள் வீட்டுக்குள் வந்தபோது, நீங்கள் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றீர்கள். அமிர்தவல்லி உங்களைப் பார்த்ததும் கால் தடுக்கின மாதிரி நின்றுவிட்டாள். “அக்கா, இவங்க அன்னிக்கி...” என்று என் காதில் ஆரம்பித்தாள். காதோடு போகட்டும் என்று நான் விட்டிருக்கலாம். ஒரு தடவை மறைத்து உங்களைக் கொன்றது போதும், இந்தத் தடவை சத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்துவிட்டது.

“ஆமாம்மா, அவங்கதான். அன்னிக்கி கடையில நின்னவங்க என் சம்பந்திதான். தெரியாதுன்னு நான்தான் பொய் சொன்னேன்” என்றேன்.

உங்கள் பிளாட் பெண்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. “எந்தக் கடையில?” என்று யாரோ கேட்டார்கள். “மதுராந்தகத்துல, சலுகை எண்ணெ போடுற கடையில” என்று அமிர்தவல்லி சொல்லிவிட்டாள். உங்கள் முகம் வெளுத்துப் போயிற்று. கிண்ணத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் சமையலறைக்குள் போய்விட்டீர்கள்.

ஸ்வாதி இன்னும் வளையல் ஏறாத கையோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். “இன்னாம்மா சொல்ற? அத்தையத் தெரியாதுன்னு சொன்னியா?” என்று கேட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஏன்மா?” என்று மறுபடி கேட்டாள்.

சாயங்காலம் வேன் வந்து நின்றபோது, பெட்டியைத் தூக்கப் போன அவரைத் தடுத்து, “நான் இப்ப வரலப்பா, அத்தகூட இருக்கேன்” என்று சொல்லிவிட்டாள். வளைகாப்பு முடித்த பெண்ணை அழைத்துக்கொள்ளாமல் வெறும் வேனில் திரும்பினோம். வழியில் சாப்பிட அவளுக்காகக் கட்டிய கலவைச் சாதம் என் மடியில் இருந்தது.

உங்களுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். என் பாரத்தை உங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று வேனில்தான் புரிந்தது.

ஸ்வாதி என் போனை எடுப்பதில்லை. அவள் சாப்பிட்டாளா என்று யாரைக் கேட்பது? உங்களிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

துர்கா


செங்கல்பட்டு
12.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்வாதி சாப்பிட்டாள். இப்போது தூங்குகிறாள்.

உங்கள் முந்தைய கடிதத்துக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. ‘யாரோ’ என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். எழுத உட்கார்ந்தால் அதற்கு மேல் பேனா போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூட்டத்தில் அதைச் சொன்னபோது, கடையில் நின்றதே மேல் என்று ஆகிவிட்டது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. இங்கே இதே படியில் நான் தினமும் ஏறி இறங்க வேண்டும். அன்றைக்குச் சமையலறையில் பாயசத்தைக் கிளறிக்கொண்டே நின்றேன், அடி பிடித்துப் போனதுகூடத் தெரியவில்லை. நீங்கள் யாரும் பாயசத்தைப் பற்றிக் குறை சொல்லவில்லை. அதற்கு நன்றி.

மறுநாள் காலை பக்கத்து பிளாட் ஹரிப்ரியா கதவைத் தட்டினாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சம்பளம். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆன்ட்டி, அந்த எண்ணெய் எந்தக் கிழமை போடுறாங்க?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சனிக்கிழமை என்று சொன்னேன். அதனால் என் வெட்கம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் லிஃப்டில் யாராவது இருந்தால் நான் படியில்தான் இறங்குகிறேன்.

நிதினுக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பழைய சம்பளத்தில் பாதிதான். போகிறேன் என்று சொல்லிவிட்டான்.

நேற்று ஸ்வாதியை உட்கார வைத்துப் பேசினேன். “என்கூட இருக்கணும்னு நீ நினைச்சது சந்தோஷம்தான். ஆனா அம்மாவைத் தண்டிக்க என் வீட்டை வச்சுக்காதே” என்றேன். “உங்களுக்குக் கோபம் இல்லையா அத்தை?” என்று கேட்டாள். “இருக்கு. அது எங்க ரெண்டு பேருக்குள்ள. முதல் பொய்யை எழுதினது நான்தான், அதையும் தெரிஞ்சுக்கோ” என்றேன். பிறகு எழுந்து போய்ப் பெட்டியில் துணியை அடுக்கினாள்.

வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. அதற்குள் பிறந்த வீட்டில் விட வேண்டும். புதன்கிழமை காலை ரயிலில் நானே அழைத்து வருகிறேன். அண்ணனை வண்டி எடுத்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்துத் தெருமுனையில் இறங்கிக்கொள்கிறோம். டாக்டர் அவளை நடக்கத்தான் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து உங்கள் வீடு வரை மெதுவாக நடந்து வருவோம். எதிர்வீட்டில் அமிர்தவல்லி வாசலில் இருந்தால் நானே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன். அது எனக்கு எளிதாக இருக்காது. நீங்கள் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றால் நல்லது.

இரண்டு நாள் தங்குவேன். எனக்கென்று தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். நீங்கள் சாப்பிடுவதே போதும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
கல்யாணி