சோப்பின் மேல் போட்ட பழி

ஜனவரி 6, செவ்வாய்

தெருவில் சொல்வது தவறு. என் வீட்டில் துணி துவைத்த ஒச்சாயி என் கொப்புளங்களுக்குப் பயந்து வேலையை விட்டு ஓடவில்லை. நான்தான் நிறுத்தினேன். நவம்பர் முழுவதும் உடம்பு அரித்தது. துணியை ஒழுங்காக அலசாமல் சோப்போடு காயப்போடுகிறாய் என்றேன். "மூணு தண்ணி அலசுனேன்மா. சந்தேகமா இருந்தா கடைசித் தண்ணிய வாயில வச்சுப் பாருங்க" என்றாள். எதிர்த்துப் பேசுகிறவள் எனக்கு வேண்டாம்.

ஜனவரி 9

சோப்பை மாற்றிவிட்டேன். நானே அலசுகிறேன். இன்றும் தொடையில் இரண்டு புதிய கொப்புளங்கள், பன்னீர் திராட்சை அளவில். இறுகி நிற்கின்றன, எளிதில் உடைவதில்லை. பிறகு எதனால்?

ஜனவரி 13

பக்கத்து வீட்டு மாயக்காள், "இது அக்கிதான்க்கா. குயவர்ட்ட காவி எழுதிட்டா அமுங்கிரும்" என்றாள். கான்வென்ட்டில் படித்தவள் நான் – சிரித்தேன். மாலையில் அரிப்பு தாங்காமல் நானே ஆட்டோ பிடித்துப் போய்க் குயவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வெட்கம்.

ஜனவரி 19

தோல் டாக்டர் லிடியா. "மொதல்ல இந்தக் காவியக் கழுவிருவோம்மா." சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். கொப்புளத்தின் ஓரத்தில் கடுகளவு தோல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஜனவரி 21

எனக்கு ஒட்டுவாரொட்டி நோய் என்று தெருவில் பேச்சாம். ஒச்சாயி அதை வீடு வீடாகக் கொண்டுவருவாள் என்று இன்னும் இரண்டு வீட்டில் அவளை நிறுத்திவிட்டார்களாம். நானா நிறுத்தச் சொன்னேன்? எனக்கென்ன?

ஜனவரி 28

முடிவு வந்தது. தொற்று இல்லை, அக்கியும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, மேல்தோலை அடித்தோலோடு பிடித்து வைத்திருக்கும் இடத்தைத் தாக்குகிறதாம். விட்டுப்போன இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. கொப்புளத்துக்குப் பல வாரம் முன்பே அரிப்பு தொடங்கிவிடுமாம்.

"புதுசா ஏதாச்சும் மாத்திரை சாப்டீங்களா?"

ஜூலையில் சர்க்கரைக்கு ஒன்று ஆரம்பித்ததைச் சொன்னேன். அது தூண்டியிருக்கலாம், சர்க்கரை டாக்டரிடம் பேசி மாற்றிவிடலாம் என்றாள்.

"சோப்பு?"

"சோப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா."

இன்னொரு முறை கேட்டேன். அதே பதில்.

ஜனவரி 30

களிம்பை உடம்பு முழுக்கப் பூச வேண்டும். முதுகுக்குக் கை எட்டவில்லை. கரண்டிக் காம்பில் தடவிப் பார்த்தேன். சனியன், சுவரெல்லாம் களிம்பு.

பிப்ரவரி 2, திங்கள்

இது ஒட்டாது என்று டாக்டர் எழுதித் தந்த கடிதத்தை அந்த இரண்டு வீட்டிலும் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே படித்துக் காட்டினேன். பிறகு எழுதியது, நகல்:

ஒச்சாயிக்கு, உன் மகள் இசைவாணி படித்துக் காட்டவும். நீ சரியாகத்தான் அலசினாய். அரிப்பு என் நோயால் வந்தது. விசாரிக்காமல் உன்மேல் பழி போட்டது என் தவறு. இந்த நோய் யாருக்கும் ஒட்டாது என்பதை உன்னை நிறுத்திய இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டேன். நீ திரும்ப வர வேண்டும் என்று விரும்புகிறேன். வருகிறாயா, இல்லையா – எதுவானாலும் இசைவாணியை ஒரு தாளில் எழுதச் சொல்லி அனுப்பு.