மியூசியத்து டிராமில் சிவப்பு விளக்கு

என்னங்க,

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கோபப்படாதீர்கள்.

நேற்று நகரப் போக்குவரத்து மியூசியத்தில் எல்லாப் பலகையையும் ஷியோரியை வாசிக்கச் சொன்னீர்கள். பிள்ளைக்குப் பயிற்சி என்றீர்கள், நம்பினேன். பிறகு டிராம் ஓட்டிப் பார்க்கும் விளையாட்டுப் பெட்டியில் உட்கார்ந்தீர்கள். திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நீங்கள் நிறுத்தவில்லை.

"அப்பா, செவப்புப்பா!" என்று கத்தினாள்.

"இது பொம்மை வண்டிடி. நெஜ வண்டின்னா அப்பா நிக்காம போவேனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெளியே நல்ல குளிர். உங்கள் நெற்றியில் வியர்வை.

அதிலிருந்து எனக்கு எல்லாமே சந்தேகமாக இருக்கிறது. சாம்பொன் நூடுல்ஸ் கடையில் பட்டியலைத் திறக்காமலே "எப்பவும் போலக் குடுங்க" என்கிறீர்கள். செய்தித்தாளை நிறுத்திவிட்டீர்கள். நாகசாகியின் இந்த மேட்டுப் படிகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறீர்கள். அதை அன்பு என்றல்லவா நினைத்திருந்தேன்!

இன்றும் நீங்கள் டிராம் ஓட்டும் பாதையைத் தாண்டித்தான் ஷியோரி பள்ளிக்குப் போக வேண்டும். நீங்கள் தூங்கும்போதே டிப்போவுக்குப் போன் செய்தேன். காய்ச்சல் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் உள்ளதைச் சொல்லிவிட்டது.

கீழே டாக்சியோடு நிற்கிறேன். கண் ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வாருங்கள்.

உங்களவள்